கணீரென்ற பாறை

1938 மார்ச் 14, திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, திருச்சிராப்பள்ளி ஜங்ஷனில் விழுப்புரம் பாசஞ்சரிலிருந்து உப்பிலியபுரத்துக் கிணறு வெட்டும் ஆட்கள் பதினொரு பேர் இறங்கினார்கள். தை மாதம் போனபோது பன்னிரண்டு பேர்.

அவர்களை எதிர்பார்த்துப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார் இன்னாசிராஜ். தென்னூர்க்காரர். மைசூர்ச் சீமையில் சுரங்கம் தோண்டும் ஒரு கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜெண்டு. வெயிலானாலும் மழையானாலும் வெள்ளை டிரில் கோட்டும் தொப்பியும் இல்லாமல் வெளியே வரமாட்டார்.

"வாங்க, வாங்க. என்ன, எழவு வீட்டுக்கு வந்தாப்பல நிக்கிறீங்க?" என்றார்.

"எழவு வீட்டுக்குத்தாங்க போறோம்" என்றான் ரங்கசாமி.

இன்னாசிராஜ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ராசப்பன் செத்து அன்றோடு பதினோரு நாள். ரங்கசாமிக்கு அவன் தங்கை புருஷன்.

"வாய் தவறிப்போச்சு, மனசுல வச்சுக்காதப்பா" என்றார். பிறகு கூட்டத்தின் பின்னால் மூட்டையோடு நின்ற மேஸ்திரி மருதையைப் பார்த்துக் குரலைச் சற்று உயர்த்தினார். "மேஸ்திரி, நீங்க கேட்டது கிடைச்சாச்சு. சேவல் வெட்டலாம்னு கடுதாசி வந்திருக்கு. குழி வாசல்லயே வெட்டலாம். கேப்டன் துரை, ஒரு சேவல் போதுமா, வான்கோழி வேணுமான்னு கேட்டிருக்கார்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மருதை சிரிக்கவில்லை. சேவலைக் கேட்டது அவன் இல்லை, ஆட்கள். அவர்களுக்காக அவன் குழி வேலையை நடத்தும் கேப்டன் துரையிடம் போய் நின்றான், அவ்வளவுதான்.

"இருபத்தேழாந்தேதி ஞாயித்துக்கிழமை நானே ஊருக்கு வரேன். கைநாட்டு வாங்கிக்கிறேன். மறுநாள் ரயில். போயிட்டு நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு இன்னாசிராஜ் அவர்களைத் துறையூர் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

மருதைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கிணற்று வேலையில் ஒருவனை மேஸ்திரி ஆக்குவது அவன் காதுதான். பாறையில் வேட்டு வைத்துப் புகை அடங்கியதும் முதலில் கயிற்றில் இறங்குகிறவன் மேஸ்திரி. கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து, சுற்றுக் கல்லைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வருவான். 'பொத்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதை நெம்பித் தள்ளிய பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். 'கணீர்' என்று வந்தால் கல் முழுசு. அதன் அடியில் தைரியமாக நிற்கலாம், சோறுகூடத் தின்னலாம். பதினெட்டு வருஷத்தில் மருதை அறுபத்து மூன்று கிணறுகளைத் தட்டியிருக்கிறான். அவன் கணீர் என்று சொன்ன கல் ஒருவர் மேலும் விழுந்ததில்லை. பச்சைமலை அடிவாரத்தில் கிணறு வெட்ட நினைக்கிறவர்கள் முதலில் தண்ணீர் பார்க்கிறவனைக் கூப்பிடுவார்கள். அடுத்தபடியாக மருதையைக் கூப்பிடுவார்கள்.

போன வருஷம் பருவம் பொய்த்தது. கிணறு வெட்ட யார் கையிலும் காசில்லை. அந்தச் சமயத்தில்தான் இன்னாசிராஜ் வந்தார். "கிணறுதான், கொஞ்சம் பெரிய கிணறு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வட்டமாக, பதினெட்டு அடி அகலத்தில், நேர் கீழே போகும் குழி. ஆனால் மருதையின் ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது அதன் ஆழம் மூவாயிரத்து அறுநூறு அடி. இரும்புத் தொட்டியில் ஏற்றி இறக்கினார்கள். அடியில் கல் கை வைத்தால் சுட்டது. மேலிருந்து செங்கல் சுவர் கட்டிக்கொண்டே வருவார்கள். அடித்தளத்துக்கு மேலே நாற்பது, நாற்பத்தைந்து அடிக்குச் சுவர் இருக்காது, வெறும் பாறைதான். அந்த நாற்பது அடிக்குள்தான் வேலை.

மார்ச் 3, வியாழக்கிழமை. காலை ஷிப்டில் மருதை சுற்றிலும் தட்டிவிட்டு வந்தான். தெற்குப் பக்கம் ஓர் இடம் செத்துப் போயிருந்தது. அதைத் தள்ளினார்கள். வடக்குப் பக்கம் அவன் வாழ்நாளில் கேட்காத அளவுக்குக் கணீரென்றது. கடப்பாரை கையிலிருந்து துள்ளியது. "ராசப்பா, நீ வடக்கால நில்லு. கோயில் மணி மாதிரி இருக்கு" என்றான். ராசப்பன் அங்கே போய் நின்று துளைகளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். பாறைக்குள் அவ்வப்போது 'டிக், டிக்' என்று கேட்டது. கிணற்றிலும் வேட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அப்படிக் கேட்கும். கல் மூச்சு விடுகிறது என்பார்கள். அரை மணி கழித்து வடக்குச் சுவர் வெடித்தது. அது மேலிருந்து விழவில்லை. பீரங்கியிலிருந்து வருவது போலப் பக்கவாட்டில் வந்தது. எதிர்ப்பக்கம் பன்னிரண்டடி தள்ளிக் கிடந்த தொட்டியில் பள்ளம் விழுந்திருந்தது. ராசப்பனை அந்தத் தொட்டியில்தான் மேலே கொண்டு வந்தார்கள்.

முந்தின நாள்தான் ராசப்பனுக்குக் கடுதாசி வந்திருந்தது. பெண் குழந்தை பிறந்து அஞ்சு நாள் ஆகிறது என்று. அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. பிள்ளைத் தீட்டோடு பாறைக்குள் இறங்கினான், பாறை விடுமா? கிணற்று வேலையில் அது கட்டாயமான விதி. வீட்டில் பிறப்போ சாவோ நடந்தால் பதினாறு நாள் கிணற்றில் கால் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் சேவல் வெட்டிக் கல்லில் ரத்தம் விட வேண்டும். "தீட்டுப் பட்ட குழி. சேவல் கொடுக்காம இனி இறங்கமாட்டோம்" என்று அத்தனை பேரும் மேலேயே உட்கார்ந்துவிட்டு, பிறகு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். அந்தப் பேச்சை முதலில் எடுத்தவன் ரங்கசாமி. தங்கை தாலி அறுந்த துக்கத்தில் யாரையாவது குறை சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. மருதை வாயைத் திறக்கவில்லை. வடக்கே நில் என்று தான் சொன்னதை வேறு யாரும் நினைவுபடுத்தவும் இல்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் மருதை ராசப்பனின் மனைவி பவுனம்மாள் வீட்டுக்குப் போனான். வீட்டில் அவளும் குழந்தையும்தான் இருந்தார்கள். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள். அந்தக் குழந்தையை யாரும் வாங்கிக் கொஞ்சுவதில்லை என்பதை மருதை பார்த்துக்கொண்டான்.

"அவரு எப்படிச் செத்தாரு, மாமா?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"கல்லு வெடிச்சிருச்சு தாயி."

"அது தெரியும். அண்ணன் சொல்லுச்சு. ஏன் வெடிச்சுச்சு?"

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தான்.

"இது பொறந்ததாலதான்கிறாங்க" என்று அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "கடுதாசி எழுதச் சொன்னது நான்தான் மாமா. பத்து நாள் கழிச்சு எழுதலாம்னு அம்மா சொல்லுச்சு. எனக்குத்தான் பொறுக்கலை."

மருதை எழுந்துகொண்டான். "வரேன் தாயி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

தன் காது கெட்டுவிட்டதா என்பதுதான் அவனுடைய முதல் சந்தேகம். துளை மெஷின் சத்தத்தில் இரண்டு மாதம் நின்றவன். ஊருக்குக் கிழக்கே தான் வெட்டிய பழைய கிணறுகளில் இறங்கித் தட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. சின்ன விரிசலைக்கூடக் காது பிடித்தது. காது சரியென்றால், வடக்குச் சுவர் கணீரென்றதும் நிஜம். கணீரென்ற கல்தான் ராசப்பனைக் கொன்றது. இதைச் சொன்னால் தீட்டுப் பேச்சு போய்விடும். ஆனால் பதினெட்டு வருஷமாக அவன் எதை வைத்து மேஸ்திரியோ, அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் கைநாட்டு வைப்பார்கள். சேவலை வெட்டிவிட்டு, அவன் காதை நம்பி, மறுபடியும் அந்தச் சுவருக்கு அடியில் போய் நிற்பார்கள்.

கேட்பதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். சௌரிராஜன். ஸ்ரீரங்கத்து ஐயங்கார். அதே கம்பெனியில் ஒன்பது வருஷமாக அளவு எடுக்கிற வேலை. வாரம் இரண்டு தரம் குழிக்குள் இறங்கி, தூக்குநூல் விட்டு, குழி நேராகப் போகிறதா என்று பார்ப்பார். பங்குனித் திருநாளுக்கு லீவில் வருவேன் என்று மருதையிடம் சொல்லியிருந்தார். காலையில் எட்டு மணிக்குள் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில்தான் இருப்பேன், தெருவில் வந்து தேட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அக்கிரகாரத்துக்குள் வந்து மருதை சங்கடப்பட வேண்டாம் என்பதற்காகவோ, தானே சங்கடப்பட வேண்டாம் என்பதற்காகவோ.

செவ்வாய்க்கிழமை மருதை போனபோது காவிரியில் தண்ணீர் மறுகரையை ஒட்டி மெலிசாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் படியிலிருந்து நூறு கஜத்துக்கு மணல். சௌரிராஜன் குளித்துவிட்டு ஈர வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டபடி மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"கும்பிடுறேன் சாமி."

"அடடே, மருதையா! எப்போ வந்தே?" என்று நின்றார். "ராசப்பன் விஷயம் இங்கே வந்தும் மனசை விட்டுப் போகலை. அவன் ஆத்துக்காரி எப்படி இருக்கா?"

"இருக்குதுங்க." மருதை சுற்றி வளைக்கவில்லை. "சாமி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு வடக்குச் சுவர் கணீர்னுதான் இருந்துச்சு. நான் தட்டினேன். எங் காது பொய் சொல்லலை."

சௌரிராஜன் மணலிலேயே உட்கார்ந்தார். மருதை நாலடி தள்ளிக் குந்தினான்.

"நீ பொய் சொல்றேன்னு நான் நினைக்கலை" என்றார். "நானா ஒரு நோட்டு வச்சிருக்கேன். கம்பெனி கேட்கலை. ஒரு பழக்கம், அவ்வளவுதான். அந்தக் குழியிலே பதினாலு மாசத்திலே இருபத்தாறு தரம் பாறை வெடிச்சிருக்கு. சின்னதும் பெரிசுமா. ஒவ்வொரு தரமும் எந்த அடி, எந்தத் திக்கு, வேட்டு வச்சு எத்தனை நாழி ஆச்சுன்னு எழுதியிருக்கேன். அதுக்கு முன்னாலே தட்டிப் பார்த்த மேஸ்திரி என்ன சொன்னான்னும் எழுதியிருக்கேன்."

"என்ன சொல்லியிருக்காங்க சாமி?"

"இருபத்தொரு தரம், கல்லு நன்னா இருக்குன்னு சொல்லியிருக்கா. உனக்கு முன்னாலே சேலத்து ஆள் ஒருத்தன், அதுக்கு முன்னாலே ஆற்காட்டு ஆள். எல்லாரும் கெட்டிக்காரா. செத்த சத்தம் வந்த இடம் வெடிச்சது அஞ்சே தரம்."

மருதை அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தான். "அப்ப கணீர்னு இருக்கறதுதான் மோசமா?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் அளக்கறவன். துரைகளுக்கும் தெரியாது. ஒருத்தருக்கொருத்தர் கடுதாசி எழுதிண்டிருக்கா. ஒருத்தர் சுவரை இன்னும் கீழே வரைக்கும் கட்டணும்கிறார். இன்னொருத்தர், வேட்டு வச்சு ரெண்டு மணி நேரம் யாரும் இறங்கப்படாதுங்கிறார். ரெண்டுக்கும் நாள் அதிகமாகும். அதனாலே ரெண்டும் நடக்கலை." எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார். "பிள்ளைத் தீட்டுன்னு உங்க ஆட்கள் சொல்றதா கேள்விப்பட்டேன். நாங்களும் தீட்டுப் பார்க்கறவாதான் மருதை. ஆனா அந்த இருபத்தாறு தரத்துக்கும் யாராத்திலேயாவது குழந்தை பிறந்திருக்கும்னு எனக்குத் தோணலை."

போகும்போது திரும்பி, "நோட்டு விஷயம் ஏஜெண்டு காதுக்குப் போக வேண்டாம்" என்றார். மருதை தலையாட்டினான்.

இருபத்தொன்று என்ற எண் துறையூர் வரைக்கும் பஸ்ஸில் அவன் கூடவே வந்தது. எண் புரிந்தது, காரணம் புரியவில்லை. காரணம் தெரியாமல் ஆட்களிடம் போய் என்ன சொல்வது? ஐயங்கார் ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்றா? அதையும் சொல்லக் கூடாது.

துறையூரிலிருந்து நடந்து வரும் வழியில் பெரியண்ணன் தோட்டத்தில், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க ஒதுங்கினான். மாடுகள் சரிவில் இறங்க, தண்ணீர் நிறைந்த சால் கிணற்றிலிருந்து ஏற, வடம் உருளையின் மேல் இழுபட்டு நின்றது. மருதையின் கையில் வேப்பங்குச்சி இருந்தது. யோசிக்காமல் வடத்தில் ஒரு தட்டுத் தட்டினான். வடம் 'ம்ம்ம்' என்று முனகியது. சால் கொட்டியது, மாடுகள் பின்னால் நடந்து வந்தன, வடம் தொய்ந்தது. மறுபடி தட்டினான். 'பொத்.'

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அடுத்த சால் ஏறும்போது உள்ளங்கையை வடத்தின் மேல் வைத்தான். உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மேஸ்திரி, எங் கயித்துக்கு நாடி பாக்குறியா?" என்றான் பெரியண்ணன் சரிவிலிருந்து. பேசும்போது அவன் மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாத சந்து தெரிந்தது.

"பெரியண்ணா, உனக்குப் பல்லு எப்படிப் போச்சு?"

"ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? போன ஆடியில வடம் அறுந்து மூஞ்சியில அடிச்சுச்சு."

"சால் ஏறயிலயா, இறங்கயிலயா?"

பெரியண்ணன் மாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். "சீமைக்குப் போயிட்டு வந்து புத்தி பிசகிப்போச்சா? இறங்கயில தொங்கற கயிறு யாரை அடிக்கும்?"

மருதை தண்ணீர் குடிக்காமலே நடந்தான். அறுபது அடிக் கிணற்றில் சுற்றுக் கல் எதையும் சுமப்பதில்லை. அங்கே கணீரென்றால் முழுசு என்பதோடு சரி. மூவாயிரத்து எழுநூறு அடியில் தலைக்கு மேலே முக்கால் மைலுக்குப் பாறை இருக்கிறது. நடுவில் இருந்ததைத் தோண்டி எடுத்தாயிற்று. அது சுமந்த பாரத்தைச் சுற்றுக் கல் வாங்கிக்கொண்டு நிற்கிறது. விரிசல் விட்ட கல் பாரத்தைத் தாங்காமல் நழுவிவிடும். முழுசான கல்தான் விட்டுக்கொடுக்காமல் தாங்கும், இறுகும், கணீரென்னும். 'டிக், டிக்' என்றது மூச்சில்லை. இழை இழையாக அறுபடுகிற சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை இன்னாசிராஜ் ஒரு வாடகைக் காரில் வந்தார். கைநாட்டு வைக்கக் காகிதம், மைப்பெட்டி, எல்லாருக்கும் சுருட்டு. கூட்டத்தைப் பெரியண்ணன் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் மருதை. காரணம் யாருக்கும் புரியவில்லை. பவுனம்மாளையும் அவன் வரச் சொல்லியிருந்தான். அவள் குழந்தையோடு புளியமரத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"சேவலுக்கு நாள் குறிச்சாச்சு" என்று ஆரம்பித்தார் இன்னாசிராஜ். "வியாழக்கிழமை காலையில. பூசாரி வேணும்னாலும் சொல்லுங்க, தேடிப் பிடிச்சிருவோம். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன், எனக்கு உங்க பழக்கம் தெரியாது. குறை வச்சுட்டேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது, ஆமா."

"செவப்புச் சேவலா இருக்கணும்" என்றான் ஒருவன்.

"செவப்போ கறுப்போ, குழம்பு ஒண்ணுதான்டா" என்றான் இன்னொருவன். சிரிப்பு எழுந்தது.

"கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றான் மருதை.

எழுந்து நின்றான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ராசப்பன் தீட்டால சாகலை. சேவல் கொடுக்காததால சாகலை. வடக்கால நில்லுன்னு நான் சொன்னேன். கல்லு நல்லாயிருக்குன்னு சொன்னேன். அந்தக் கல்லுதான் வெடிச்சுது."

பெரியண்ணன் கமலையை நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்று மருதை முன்பே சொல்லிவைத்திருந்தான்.

ரங்கசாமி முதலில் வாயைத் திறந்தான். "காது தப்பிருச்சா மாமா?"

"தப்பலை. கணீர்னுதான் இருந்துச்சு."

"கணீர்னு இருந்த கல்லு எப்படி வெடிக்கும்?"

"இங்க வா" என்று மருதை அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனான். மற்றவர்களும் வந்தார்கள். சால் ஏறும்போது ஒவ்வொருவரையும் வடத்தில் கை வைக்கச் சொன்னான். குச்சியால் தட்டிக் காட்டினான். இறங்கும்போதும் தட்டிக் காட்டினான். பாரம், சுற்றுக் கல், விரிசல் விட்ட கல், முழுசான கல் என்று தனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னான். இரண்டு இடத்தில் திக்கினான். பேச்சில் பழக்கமில்லாதவன்.

"பெரியண்ணன் பல்லைக் கேளுங்க" என்று முடித்தான்.

"எம் பல்லை ஏன்ப்பா இழுக்குறே?" என்றான் பெரியண்ணன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இன்னாசிராஜ் தொப்பியால் விசிறிக்கொண்டார். "மேஸ்திரி, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். கம்பெனியில இதுக்குன்னு படிச்ச துரைமாருங்க இருக்காங்க இல்ல? கயித்தைப் பாத்துக் கல்லுக்கு ஜோசியம் சொல்றது நல்லாவா இருக்கு?"

"சுவரைக் கீழ வரைக்கும் கட்டச் சொல்லுங்க. வேட்டு வச்சு ரெண்டு மணி நேரம் இறங்கச் சொல்லாதீங்க. எழுதிக் கொடுத்தா நான் முதல் ஆளா வரேன்."

"எழுதிக் கொடுக்கறது என் கையில இல்லியே."

"தெரியும்ங்க."

ரங்கசாமியின் முகம் கறுத்துப் போயிருந்தது. "காது போச்சு உனக்கு, மாமா. மெஷினு சத்தத்துல போச்சு. அதை ஒத்துக்க வெக்கப்பட்டுக்கிட்டுக் கயிறு கதை சொல்றே. பதினெட்டு வருஷமா கணீர்னா நில்லுன்னு சொன்னவன், இன்னிக்குக் கணீர்னா ஓடுங்கிறே. எதை நம்பி நாங்க எறங்கறது?"

"அங்க எதையும் நம்பி எறங்க முடியாது. அதைத்தான் சொல்றேன்."

"நான் தட்டறேன்" என்றான் ரங்கசாமி. "எங் காது நல்லாத்தான் இருக்கு. யார் வரீங்க?"

நாலு பேர் அவன் பக்கம் நகர்ந்தார்கள். மற்ற ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்களில் ஒருவன், ஏறிக்கொண்டிருந்த வடத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி விலகி நின்றான்.

பவுனம்மாள் எழுந்து வந்தாள். "அப்ப இது ஒண்ணும் பண்ணலையா?" என்று குழந்தையைக் காட்டினாள்.

"இல்ல தாயி."

"அங்க நிக்கச் சொன்னது நீங்க."

"நான்தான்."

அவள் அழவில்லை. "இதைச் சொல்ல உங்களுக்குப் பதிமூணு நாளாச்சா, மாமா?" என்று கேட்டாள்.

அவள் அண்ணனைத் திரும்பியும் பாராமல் வரப்பில் நடந்து போனாள்.

இன்னாசிராஜ் புளியமரத்தடியில் கைநாட்டு வாங்கினார். ஐந்து. மைப்பெட்டியை மூடும்போது மருதையிடம், "மிச்ச ஆறு பேருக்கு நான் எங்கய்யா போவேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. எல்லாருக்கும் கொண்டுவந்த சுருட்டில் மிஞ்சியதை கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

மறுநாள் ரங்கசாமியும் நாலு பேரும் ரயில் ஏறினார்கள். மீதி ஆறு பேருக்குப் பதிலாக இன்னாசிராஜ் அந்த வாரத்திலேயே மணப்பாறைப் பக்கம் புது ஆட்களைச் சேர்த்தார். வியாழக்கிழமை குழி வாசலில் சேவல் வெட்டப்பட்டது. சித்திரை இருபதாம் தேதி குழியின் கிழக்குச் சுவர் வெடித்தது. மணப்பாறை ஆட்களில் ஒருவருக்குக் கால் போயிற்று. வைகாசியில் ரங்கசாமியும் அவன் கூடப் போன நாலு பேரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கோடையில் உப்பிலியபுரத்தில் மூன்று கிணறுகள் வெட்டப்பட்டன. கல் தட்டுவதற்கு மருதையைக் கூப்பிடாமல் தம்மம்பட்டியிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். மூன்றாவது கிணற்றில் மருதை கூடை சுமந்தான்.